துரை சொன்னதும் நான் சொன்னதும்

பிரசங்கியாருக்குத் தொண்டை கட்டினால் மிளகுப் பால் கொடுப்பார்கள். பக்கத்தில் நின்று அதே அளவு கத்துகிற மொழிபெயர்ப்பாளனுக்குத் தொண்டை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவுக்கு வராது.

பகலில் நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப் அடிப்பவன். சாயங்காலங்களில், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கே பந்தல் போட்டு சுவிசேஷக் கூட்டம் நடந்தாலும், வெளிநாட்டுப் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் நின்று அவருடைய இங்கிலீஷைத் தமிழாக்குகிறவன். வெள்ளைக்காரர் ஆட்சி போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரப் பிரசங்கியார்கள் மட்டும் முன்னைவிட அதிகமாக வந்துகொண்டிருந்தார்கள். ஆண்டவர் பேசுவார் என்பதில் எங்கள் ஜனங்களுக்குச் சந்தேகமே கிடையாது. அவர் இங்கிலீஷில்தான் பேசுவார் என்பதிலும் பெரிய சந்தேகம் இல்லை. ஆகவே அவர் சொன்னது இன்னதென்று எடுத்துச் சொல்லும் பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது. இதே பொறுப்பில் மாட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

எண்ணூரில் பனி

எண்ணூர் உப்பளத்துப் பக்கம் ஒரு கூட்டம். அன்றைக்கு வந்த துரை நல்ல உயரம், நல்ல மனுஷன். தங்கள் ஊரில் குளிர்காலத்தில் வெண்பனி கொட்டி, குப்பைமேடு, சாக்கடை எல்லாவற்றையும் வெள்ளை வெளேரென்று மூடிவிடும், தெய்வ கிருபையும் அப்படித்தான் என்று உருகினார். எண்ணூரில் பனி என்றால் மார்கழியில் தலையில் இறங்கி ஜலதோஷம் பிடிக்க வைக்கிற சமாசாரம். அதனால் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டி, "உங்கள் உப்பளத்தில் குவித்து வைத்த உப்பைப் போல கிருபை வெளுத்துக் கிடக்கிறது" என்று சொல்லிவிட்டேன். ஜனங்கள் தலையாட்டினார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை.

கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மாள் என் முன்னால் வந்து புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பாதத்தைக் காட்டினாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்து, வெடிப்புக்குள் சிவந்து கிடந்தது. என் பெருமை அங்கேயே செத்தது. அவள் கேட்டாள்: "கிருப உப்பு மாரின்னு சொன்னியே நைனா, அது மேல நின்னு பாத்துகிறியா? வேற கிருப எதுனா கீதான்னு தொரையக் கேளு."

தெரியாத பாஷை

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுச் சபை. துரை வரத் தாமதமானதால் நான் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஒருவர் எழுந்து அந்நியபாஷையில் பேச ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் கொட்டினார். அந்தச் சபையில் ஒரு ஒழுங்கு உண்டு: ஒருவர் அந்நியபாஷை பேசினால், இன்னொருவர் எழுந்து அதன் அர்த்தத்தைச் சொல்ல வேண்டும். எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். யாரும் எழவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு இங்கிலீஷ் ஒன்றுதான் தெரியும் என்று கைகூப்பிச் சொன்னேன். வீட்டுக்கார அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. காபி தம்ளரை என் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ஒரு பாஷைக்கா சார் உன்ன எல்லாரும் தலைல தூக்கி வச்சுகினு ஆடுறாங்க?"

விரல் விழுந்த இடம்

மாசிலாமணி எங்கள் தெருக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கீழே நிற்கிற ஆள் கை காட்டாமல் பிடியை அசைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை மனுஷன் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். ஆண்டவர் கை காட்டாமல் ஒரு பாய்கூட வாங்க மாட்டார். மனைவி இறந்து ஆறு வருஷம். வீட்டில் அவரும் மகள் எஸ்தரும்தான். எஸ்தர் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் படிப்புக்காக எழுதிப் போட்டு, இடமும் கிடைத்துவிட்டது. தகப்பனார் கையெழுத்துப் போட்ட ஃபாரம் அந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விடும்.

மாசிலாமணி உத்தரவுக்காகக் காத்திருந்தார். தினமும் விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரலை வைப்பார். விரல் விழுந்த இடத்தில் ஆண்டவர் பேசுவார் என்பது கணக்கு. ஒரு நாள் கூடாரத் திரைகளின் நீள அகலத்தில் விழுந்தது. ஒரு நாள் யாரோ ஒரு ராஜாவின் பிள்ளைகளுடைய பெயர் வரிசையில் விழுந்தது. ஒரு நாள் யாரோ யாரையோ புறப்பட்டுப் போகச் சொல்கிற இடத்திலேயே விழுந்ததாம். விரல் வழுக்கிவிட்டது என்று சொல்லி மறுபடி திறந்தாராம். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு இதை என்னிடம் சொன்ன எஸ்தர், அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை: "எங்க நைனாவுக்கு ஆண்டவரு 'வேணாம்'னு சொன்னாத்தாண்ணே காது கேக்கும்."

முழங்கால் வலி

திருவொற்றியூருக்கு ஒரு தீர்க்கதரிசி வந்தார். அவர் தமிழர்தான், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த வயதான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுக்கு அவர் தமிழை இங்கிலீஷில் முணுமுணுப்பது அன்றைக்கு என் வேலை. தீர்க்கதரிசி கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, "இந்தக் கூட்டத்தில் முழங்கால் வலியுள்ள ஒரு சகோதரி இருக்கிறாள்" என்றார். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் எழுந்தார்கள். மீதிப் பேர் வலியில் எழ முடியாமல் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்கள். "அவள் பெயர் மேரி" என்று சுருக்கப் பார்த்தார். வீட்டுக்கு ஒரு மேரி உள்ள ராயபுரத்திலிருந்து வந்த கூட்டம் அது. எழுந்தவர்களில் ஏழெட்டுப் பேருக்கு மேல் உட்காரவில்லை. இதை மிஸ்ஸியம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "நிறையப் பேர் சுகமடைகிறார்கள்" என்று சொல்லி வைத்தேன்.

மாசிலாமணி முதல் வரிசையில் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார். தீர்க்கதரிசி கடைசியில் அவர் தலையில் கை வைத்து, "உமக்கு ஒரு கடிதம் வரப்போகிறது" என்றார். வெளியே வந்ததும் மாசிலாமணி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஆஸ்பத்திரி கடுதாசி வந்து பத்து நாளாச்சு தம்பி. ஆண்டவருக்கும் நம்ம தபால்காரன்தான் போல கீது."

சரக்கு ரயில்

இனி நான் சொல்லப் போவதைத் தொழில் தெரிந்தவர்கள் மன்னிப்பார்கள். மொழிபெயர்ப்பவன் ஒவ்வொருவனும் மடியில் ஒன்றிரண்டு தயார் வாக்கியங்கள் வைத்திருப்பான். துரை சொன்னது காதில் விழாவிட்டால் அதை எடுத்துவிடுவான். என்னுடைய சரக்கு இது: "ஆகையால் பிரியமானவர்களே, அவசரப்பட்டு எங்கும் ஓடாதிருங்கள். நீங்கள் இருக்கிற இடத்திலேயே உங்களுக்கு வேண்டியதை ஆண்டவர் தருவார்." யாருக்கும் கெடுதல் இல்லாத வாக்கியம் என்று பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ராயபுரம் மைதானத்தில் கூட்டம். துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயில் பந்தலுக்குப் பின்னால் ஊதிக்கொண்டே போனது. துரை நிறுத்தவில்லை, வாய் அசைகிறது, கை அசைகிறது, எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. ரயில் போனதும் துரை என்னைப் பார்த்தார். நான் பந்தல் கூரையைப் பார்த்துக்கொண்டு என் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் மாசிலாமணி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "எனக்காவத்தான் தம்பி பேசினாரு! எஸ்தரு எங்கியும் போவல."

இரண்டு இடத்தில் உண்மை

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் படிப்பை ரயில் சத்தத்துக்காக வைத்திருந்த வாக்கியத்தால் கெடுத்துவிட்டேன் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. முதலில் எங்கள் சபைப் போதகரிடம் போய் நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் மேடையிலேயே சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதுவரைக்கும் மொத்தம் எத்தனை ரயில் போயிருக்கும் தம்பி?"

அவரால் ஆகாது என்று தெரிந்து நேரே மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். "அண்ணே, அது துரை சொன்னது இல்லை. ரயில் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது" என்றேன். எஸ்தர் அடுப்பங்கரை வாசலுக்கு வந்து நின்றாள். மாசிலாமணிக்கு முகம் இன்னும் பிரகாசமானது. "தொர வாயில வச்சாரு, ரயிலு கெடுத்துச்சு. வுட்டாரா பாத்தியா? உன் வாயில வச்சாரு. எனக்கோசரம் ஒரே வார்த்தைக்கு ரெண்டு தபா அலைஞ்சிகிறாரு தம்பி!"

வேண்டுமென்றே

மாதம் முடிய ஒரு வாரம். திருவொற்றியூரில் இன்னொரு துரை, பொறுமையைப் பற்றிப் பேசினார். மாசிலாமணி மூன்றாவது வரிசையில் இருந்தார். அன்றைக்கு ரயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. துரை சொன்ன ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது. அவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கியபோது, மாசிலாமணியைப் பார்த்து நான் சொன்னேன்: "மகளை அனுப்பத் தயங்குகிற தகப்பனே, கேள்! ஆண்டவர் சொல்லுகிறார், அனுப்பு!" சின்ன வாக்கியத்துக்கு இவ்வளவு பெரிய தமிழா என்று துரை என்னை விசித்திரமாகப் பார்த்தார். வண்ணாரப்பேட்டை மாமியார் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்த ஒரு பெண்ணை, அதே கூட்டத்தில் இருந்த அவள் அப்பா மறுநாளே கொண்டுபோய்த் திரும்ப விட்டுவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

யாருக்காகச் சொன்னேனோ அவர் மட்டும் அசையவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். கோபம்கூட இல்லை. "அது நீ சொன்னது. போன தபா கூரையப் பாத்துகினு, எப்போ வூட்டுக்குப் போவலாம்னு நிக்கற மாரி சொன்னே. அது ஆண்டவரு. இன்னிக்கு என் மூஞ்சியவே பாத்துகினு சொன்னே. என்னாண்ட ஆவ வேண்டியது இன்னாவோ உனக்குத்தான் கீது, அவருக்கு இல்ல."

கரிந்த மூலை

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில், ஆபீஸ் வாசலில் மாசிலாமணி நின்றார். கை முழுக்க கிரேன் கிரீஸ். சட்டைப் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். ஒரு மூலை கரிந்திருந்தது. காலையில் எஸ்தர் அதை அடுப்பில் வைத்துவிட்டாளாம். "நான் அடுப்புல கைய வுட்டு புடுங்கினேன் தம்பி. ஜெபம் பண்ணல, பொஸ்தகத்த தொறக்கல. கை பாட்டுக்குப் போச்சு" என்று சொல்லிக் கையைத் திருப்பிக் காட்டினார். மூன்று விரல் கொப்புளித்திருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "வூட்டுக்கு வந்தா, வந்துட்டியா நைனான்னு கேக்க ஒரு குரல் கீது. அது போயிடுச்சுன்னா இன்னா பண்றதுன்னு பயம். பயம்னு சொல்ல வெக்கமா கீது. அதான் ஆண்டவரு தலைல போட்டேன்" என்றார்.

பேனாவைத் திறந்து கொடுத்தேன். கொப்புளத்தில் படாமல் எப்படியோ பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்று தடவை நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதினார். தபாலில் நானே சேர்த்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "செத்து மேல போனா, 'அனுப்பாதேன்னு நான் சொன்னேனே, ஏன் அனுப்பிச்சே'ன்னு ஆண்டவரு கேப்பாரு. தமிழ்ல சொன்னவன் தப்பா சொல்ட்டான்னு சொல்லிடுவேன். பக்கத்துல நின்னுகினு நீயும் ஆமான்னு சொல்லணும், இன்னா?"

எஸ்தர் நர்ஸாகி வருஷங்கள் ஆகிவிட்டன, நான் இன்னும் மேடையில்தான் நிற்கிறேன். ஆண்டவர் எப்போது பேசுகிறார் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது, ஆனால் நான் குறுக்கே பேசிய ஒரு நாளும் அவர் என்னைத் தடுத்ததில்லை.