ஐந்தாவது உத்திரம்

எனக்குக் கணக்கு நன்றாக வரும். மனிதர்களோடு பழகத்தான் வராது. முப்பத்திரண்டு வயதில் மனைவி இறந்துபோனபிறகு அதை ஒரு குறையாகவும் நான் நினைக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் ஓர் அறை, திருச்சிராப்பள்ளியில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஓவர்சியர் உத்தியோகம். ஊரே பெருமாள் புறப்பாட்டுக்குத் திரண்டு நிற்கும்போது, கூட்டம் வடியட்டும் என்று நான் மட்டும் அறைக்குள் உட்கார்ந்திருப்பேன். சொந்தக்காரர்கள் இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து அலுத்து விட்டுவிட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் ஆபீசில் கழிந்துவிடும். ஏழாவது நாளை என்ன செய்வதென்றுதான் தெரியாது.

யுத்தம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், தென்னூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் கட்டும் வேலை எங்களுக்கு வந்தது. வியாபாரிகள் கூடி வசூலித்துக் கட்டிய பள்ளிக்கூடம். பெரிய கூடத்தின் கூரைக்கு ஐந்து இரும்பு உத்திரங்கள் போட்டு நான் வரைபடம் தயாரித்திருந்தேன். உத்திரங்களின்மேல் தேக்குக் கட்டைகளை அடுக்கி, செங்கலும் சுண்ணாம்புமாகத் தளம் போடுவது அந்தக் காலத்து வழக்கம். படத்தைப் பார்த்த கமிட்டித் தலைவர், ஒரு தோல் வியாபாரி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுல ஒரு கர்டரைக் குறைச்சா நிக்காதாங்க? அந்தச் செலவு மிச்சமானா பின்னால இன்னொரு கிளாஸ் ரூம் போட்டுரலாம். இப்பவே நாப்பது பொண்ணுங்க இடமில்லாம திரும்பிப் போயிருக்குங்க. அதுங்களும் படிக்கணுமில்லே?"

அவர் பேராசைக்காரராக இருந்திருந்தால் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதோ நியாயம். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான்கு உத்திரங்கள் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்றே வந்தது. அதிகப்படியாக வைத்திருந்த பலம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். "நாலு போதும்" என்று சொன்னேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் குடுப்பான்" என்றார். என் கையை யாராவது பிடித்து வெகுநாளாகியிருந்தது. உண்மையைச் சொல்வதானால், எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரும்பைப் பற்றி நான் போட்ட கணக்கு சரிதான். அந்த இரும்பின் நுனி உட்காரும் செங்கல் சுவருக்கு எவ்வளவு பாரம் கூடும் என்பதைத்தான் சரியாக யோசிக்கவில்லை. முதல் மழைக்காலத்தில் தளம் தண்ணீர் குடித்துக் கனத்ததும், மூன்றாவது உத்திரத்துக்குக் கீழே சுவரில் நூல் போல ஒரு விரிசல் கண்டது.

முதலாளியிடம் சொன்னேன். "பூச்சு வெடிச்சிருக்கு ஓய், வெள்ளையடிச்சா போயிடும்" என்றார். இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டி, ஈரம் காயுமுன் தேதியை ஆணியால் கீறி வைத்தேன். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாதவரை பயமில்லை என்று அர்த்தம்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை கிடைத்தது. குளித்துவிட்டு சைக்கிளில் காவேரிப் பாலத்தைத் தாண்டித் தென்னூர் போவேன். பூட்டிய பள்ளிக்கூடத்தில் ஆயா மட்டும் இருப்பாள். நாற்பது வயதிருக்கும், புருஷனை இழந்த முஸ்லிம் பெண். பின்கட்டில் தனியாகக் குடியிருந்தாள். கூடத்தைத் திறந்துவிடுவாள். நான் அண்ணாந்து பார்ப்பேன். பன்னிரண்டடி உயரத்தில் கண்ணாடி பளபளக்கும். முழுசாக இருக்கிறது. அவள் கொண்டுவரும் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். முஸ்லிம் வீட்டுத் தண்ணீரைக் குடிப்பது ஸ்ரீரங்கத்தில் தெரிந்திருந்தால் வீட்டுக்காரர் அன்றே அறையைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார். "வெயிலு ஜாஸ்திங்க", "மழை வரும் போலிருக்குங்க" என்று அவள் ஏதாவது சொல்லுவாள். நான் "உம்" என்பேன். இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

ஒரு ஞாயிறு கூடத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஏணிமேல் நின்ற ஆள், "இந்தக் கண்ணாடியைப் பேத்துரட்டுமாங்க?" என்று கத்தினான். அவனை இறங்கச் சொல்லி நானே ஏறினேன்.

கண்ணாடி முழுசாகத்தான் இருந்தது. ஆனால் அது என் கண்ணாடி இல்லை. படச் சட்டத்திலிருந்து உடைந்த ஏதோ ஒரு துண்டு. ஒட்டியிருந்தது சிமெண்ட் இல்லை, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. தேதியைக் காணோம். அதன் பின்னால் இருந்த விரிசலில் காலணா நுழையும். இறங்கி வந்தேன்.

கீழே ஆயா முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "திட்டுவீங்கன்னு பயந்துட்டேங்க. ஒட்டடைக் கம்பு பட்டு ஒடஞ்சு போச்சு. நான்தான் வேற ஒட்டினேன்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவைங்க. கம்பு பட்டது ஒரு தடவைதான். மத்த ரெண்டும் தானாவே ஒடஞ்சுது. கடைசியா ஒட்டினது போன மாசம்."

நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நாளை ஒரு குழந்தைகூட உட்காரக் கூடாது என்றேன். "நாலு போதும்னு நீங்கதானேங்க சொன்னீங்க?" என்றார். "ஆமாங்க, நான்தான் சொன்னேன்" என்றேன். வேறென்ன சொல்வது? அவர் சாவியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்து கூடத்தைப் பூட்டினார்.

யுத்த காலத்தில் ஐந்தாவது உத்திரத்துக்கு இரும்பு எங்கே கிடைக்கும்? உடைந்த சுவரைப் பெயர்த்துக் கருங்கல் வைத்துக் கட்டி, மூன்றாவது உத்திரத்துக்கு நட்டநடுவில் செங்கல் தூண் ஒன்று எழுப்பினார்கள். ஒரு உத்திரத்தின் விலையைப்போல அதற்கு மூன்று மடங்கு ஆயிற்று. தூணுக்குப் பின்னால் உட்காருகிற பெண்களுக்குக் கரும்பலகை தெரியாது. "ஆபீஸ் பேரைக் கெடுத்துட்டீரே" என்று முதலாளி என்னைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். மருங்காபுரிப் பக்கம் சாலை வேலையில் சின்ன உத்தியோகம் கிடைத்தது.

புறப்படுமுன் ஒரு ஞாயிறு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆயா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"மொதல் தடவைதாங்க திட்டுவீங்கன்னு பயந்தது" என்றாள். "அப்புறம் ஒட்டினது அதுக்கில்லே. அது ஒடஞ்சது தெரிஞ்சா கூடத்தைப் பூட்டிருவீங்க, அப்புறம் நீங்க வர்றது நின்னு போயிடுமேன்னுதான். ஞாயித்துக்கெழமை இந்த வாசல்ல வேற யாருங்க வர்றா?"

முதலில் கோபம்தான் வந்தது. அத்தனை குழந்தைகள் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்களே என்று வாயெடுத்தேன். முடிக்க முடியவில்லை. இரண்டு வருஷமும் ஏணி அந்தக் கூடத்து மூலையில்தான் சாத்தியிருந்தது; ஏறாதவன் நான். ஏறிப் பார்த்து எல்லாம் சரி என்று தெரிந்திருந்தால் அடுத்த வாரம் போகக் காரணம் இல்லை. சரியில்லை என்று தெரிந்திருந்தாலும் இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவரைக்கும்தான் வாராவாரம் போகலாம். அவள் செய்ததையேதான் நானும் செய்திருந்தேன். அவளுக்காவது படிப்பில்லை.

"இனிமே வர மாட்டீங்களா?" என்றாள்.

"ரொம்ப தூரம்மா" என்றேன்.

மருங்காபுரிக்குப் போன முதல் ஞாயிறு காலையில் எழுந்து குளித்து, வேட்டி மாற்றி, சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். அப்புறம்தான் போவதற்கு இடமில்லை என்பது உறைத்தது.