பெரிதாக்கிக் காட்டிய படம்

கல்யாண மண்டபங்களில் மணமகள் அறைக்கென்று ஒரு வாடை உண்டு. கசங்கிய மல்லிகை, தலைக்கு அடிக்கும் ஸ்பிரே, ஜன்னல் திறக்காத அறையில் முப்பது பேர் விட்ட மூச்சு, கழிவறைப் பினாயில், யாரோ பாதி குடித்து மூலையில் வைத்துவிட்டுப் போன, ஆடை படர்ந்த காபி, எல்லாம் கலந்து தொண்டைக்குள் இறங்கும். பத்தொன்பது வயதில் அந்த வாடை எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அந்த அறைக்குள் நுழையும் முன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அப்போது நான் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் இருந்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகும் பலகையில் அடுக்க வேண்டும். முகூர்த்த நாள்களில் மட்டும் லீவு சொல்லிவிட்டு, ஜங்ஷன் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த சேவியர் அண்ணனுக்காகக் கல்யாணங்களில் படம் எடுக்கப் போவேன். கழுத்தில் கேமரா தொங்கினால் ஊர்ப் பெரிய மனிதர்கள்கூட "தம்பி, இப்படி நிக்கட்டுமா?" என்று கேட்பார்கள். கம்பெனியில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

அப்படிப் போன ஒரு நாளில்தான் கம்மாபுரத்தில் தமிழ்ச்செல்வியின் நிச்சயதார்த்தம் நடந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். ஆனாலும் கேமரா வைத்திருந்ததால் என்னை "அண்ணா" என்றாள். கூட்டம் வெளியே போன நேரம் பார்த்து, "அண்ணா, இந்த வலது கை மட்டும் வராம எடுங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். வளையல்களை மேலே தள்ளிக் காட்டினாள். மணிக்கட்டின் உள்பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது.

"அவருகிட்ட போன்லயே சொல்லிட்டேன். பரவால்லன்னுட்டாரு. அவங்க வூட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியாது. கல்யாணத்துக்கப்புறம் நானே சொல்லிக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

சரி என்று தலையாட்டினேன். முடிந்த மட்டும் கையை விட்டுவிட்டுத்தான் எடுத்தேன். மோதிரம் போடும் இடத்தில் மட்டும் முடியவில்லை, கை திரும்பி வளையல்கள் சரிந்துவிட்டன.

அடுத்த வாரம் சேவியர் அண்ணன், "முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போற ஆளு எனக்கு வேணாம்டா. வந்தா முழுசா வா. இல்லன்னா பொம்மையே சொரண்டிக்கிட்டிரு" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இஷ்டமில்லை. "ஊரான் கல்யாணத்துல கேமராவத் தூக்கிக்கிட்டு நின்னா ஒனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றாள். நான் கம்பெனியை விட்டேன்.

முழுநேரம் என்றால் தினமும் கல்யாணம் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான நாள்கள் ஸ்டுடியோவின் பின்னறையில், கம்ப்யூட்டர் முன்னால்தான் கழிந்தன. அங்கே "ஏத்துறது" என்று ஒரு சொல் இருந்தது. பெண்ணின் முகத்தை வெளுப்பாக்குவதற்கு அந்தப் பெயர். "பொண்ண நல்லா ஏத்திடு, அம்மாவ ரொம்ப ஏத்தாத" என்பார் அண்ணன். நல்லூர்க்காரியும் வேப்பூர்க்காரியும் என் கையில் ஒரே நிறமானார்கள். சம்பந்தியோடு சண்டை போட்டுக்கொண்ட சித்தப்பாவைக் குடும்பப் படத்திலிருந்து தூக்கிவிட்டு, அவர் நின்ற இடத்தில் குத்துவிளக்கை நகர்த்தி வைத்தேன். ஒரு தாய் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பெற்ற மகளின் மூக்கைச் சின்னதாக்கச் சொன்னாள். இதையெல்லாம் நான் நன்றாகச் செய்தேன் என்பதுதான் கேவலம்.

மூன்றாவது வாரம், தமிழ்ச்செல்விக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் ஸ்டுடியோவுக்கு வந்தார். வாய் நிறையப் பாக்கு. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நிச்சயதார்த்தப் படமெல்லாம் இருக்குதுல்ல தம்பி? ஏத்தாத படமா காட்டு."

எனக்குப் புரிந்துவிட்டது. அழிந்துபோய்விட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "அண்ணன்கிட்ட கேக்கணுங்க" என்று இழுத்தேன். முன்னறையிலிருந்து சேவியர் அண்ணன், "கஸ்டமர் கேக்குறாங்கல்ல, காட்டுடா" என்றார். காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவர், மோதிரப் படத்தில் நிறுத்தினார்.

"கையப் பெருசாக்கு."

பெரிதாக்கினேன்.

"இன்னுங் கொஞ்சம்."

திரை முழுக்க அந்தத் திட்டு வந்து நின்றது. தோலின் வரிகள்கூடத் தெரிந்தன. இவ்வளவு துல்லியமாக எடுத்திருக்கிறோமே என்று ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாழ்நாளில் நான் மிகவும் அருவருக்கும் நொடி அதுதான். அவர் தன் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். "யாரோ சொன்னாங்க, நாங்கதான் நம்பல. ரொம்ப தேங்க்ஸ் தம்பி" என்று என் முதுகில் தட்டினார். பாக்கு வாடை அவர் போன பிறகும் அறையிலேயே இருந்தது.

நான்கு நாள் கழித்துத் தமிழ்ச்செல்வியின் அப்பா வந்து, கல்யாணம் நின்றுவிட்டது, படம் எடுக்க வரவேண்டாம் என்றார். "மாப்ள பையனுக்கு எல்லாம் தெரியும்னு எம் பொண்ணு சொல்லுது. அவன் எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்குறான். யாரத்தான் நம்புறது?" என்றார். அவன் பொய் சொல்கிறான் என்பது எனக்குத் தெரியும். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தை மாதம் அதே மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம். படம் எங்கள் ஸ்டுடியோதான். நான்தான் போனேன். மேடையில் அவன் என்னை அடையாளம் கண்டு சிரித்து, "பொண்ணு கொஞ்சம் கறுப்பு பாஸு, பாத்து ஏத்திடுங்க" என்று காதோரம் சொன்னான். பக்கத்திலேயே அந்தப் பெண் நின்றிருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்கும். பந்தியில் இலை போட்டு உட்கார வைத்தார்கள். சோற்றில் கைவைக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் போனேன். தமிழ்ச்செல்வி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவன் மாமாவுக்குக் காட்டியது நான்தான் என்றும், அவளுடைய அப்பா வந்த அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். ஒரு பாவாடையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இதப் பத்தி நான் வாயத் தொறந்து சொன்னது ரெண்டே ரெண்டு ஆம்பளைங்ககிட்ட. ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

"மன்னிச்சிடுங்க" என்று தொடங்கினேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். எங்கப்பா உள்ளதான் இருக்காரு. அவருகிட்ட சொல்லிட்டுப் போங்க, நான் பொய் சொல்லலன்னு. அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிடுங்க."

உள்ளே போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், மகளின் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கித் தானே உலர்த்தத் தொடங்கினார். நான் பைக்கைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை நடந்தேன்.

இன்று அந்த ஸ்டுடியோ இல்லை. அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். "ஏத்துறது" என்ற சொல்லும் வழக்கொழிந்துவிட்டது. போனே கேட்காமல் ஏற்றிவிடுகிறது. நான் இன்னமும் இதே தொழிலில், முழுநேரமாகத்தான் இருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் தனியாக வந்து படம் கேட்டால் கொடுப்பதில்லை. அதனால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று எண்ணிக்கொள்வதும் இல்லை.

கம்மாபுரத்திலிருந்து திரும்பிய அன்றே அவள் படங்கள் அத்தனையும் அழித்தேன். ஒன்றில் மட்டும் விரல் சற்று நின்றது. தாய்மாமன் கையை மட்டும் பெரிதாக்கச் சொன்ன அதே படம். மோதிரம் மூட்டில் சிக்கிக்கொண்டதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து, கையை மறைக்க மறந்து, அவள் வாய்விட்டுச் சிரிக்கும் படம். எதையும் ஏற்ற வேண்டாத படம். அதை வைத்துக்கொள்ள எனக்கு அருகதை இல்லை. அதையும் அழித்தேன்.