பனியனில் வரைந்த படகு

படகுக்கு அடிக்கிற கறுப்பு எனாமல் பெயின்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கினால் மூக்கின் உள்ளே எரிகிற ஒரு வாசனை வரும். அதைப் பருத்திப் பனியனில் தீட்டிக் காயவைத்தால் துணி கருவாட்டுத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். போட்டுக்கொண்டு குனிந்தால் நெஞ்சில் ‘மொறுமொறு’வென்று சத்தம் கேட்கும், வியர்வை பட்டால் மார்பெல்லாம் அரிக்கும். அப்படி ஐந்து பனியன்களில் நான் ஒரே படத்தை வரைந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினான்கு வயது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோய், லைட்ஹவுஸ் குப்பத்தில் படகுகளுக்குப் பேர் எழுதிக்கொண்டு, மற்ற நேரத்தில் பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். நைனா இல்லை. அண்ணன் தேசப்பன் கடலுக்குப் போய்த்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம்.

படம் வந்தது பழவேற்காடு கடைத்தெருவிலிருந்து. அங்கே கடை வைத்திருந்த காசிம் பாய் வாலிபத்தில் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். எந்தத் துறைமுகத்திலோ வாங்கிய இசைத்தட்டு ஒன்று உடைந்துபோய், அதன் அட்டை மட்டும் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. அண்ணன் அதைக் கேட்டு வாங்கி வந்தான். நான்கு வெள்ளைக்காரர்கள் ஒரு படகில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய நீளமான தலைமுடி பின்னால் பறந்து, விரிந்து, அப்படியே கடலாக மாறியிருக்கும். எல்லாம் கறுப்புக் கோடுதான். "உலகத்துலயே பெரிய பாட்டு கோஷ்டிப்பா இது. இந்தப் படத்தை வேற யாரும் போடல, அதுல கிடார் வாசிக்கிறவனே வரைஞ்சதுனு பின்னால எழுதிகீது" என்று பாய் சொல்லியனுப்பினாராம். அவர்களுடைய ஒரு பாட்டைக்கூட எங்கள் குப்பத்தில் யாரும் கேட்டதில்லை.

அண்ணனின் கூட்டாளிகள் அட்டையைச் சுற்றி உட்கார்ந்து படகைத்தான் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு டில்லி, கல்யாணமாகி ஒரு வருடம் ஆனவன், "துடுப்பு இல்ல, பாய்மரம் இல்ல, இவனுங்க எப்டிடா கரை சேருவானுங்க?" என்றான். "மயிராலயே வலிப்பானுங்க" என்றான் அண்ணன். சிரித்து அடங்கிய பிறகு, கங்கையம்மன் திருவிழாவுக்கு அண்ணனோடு சேர்த்து ஐந்து பேரும் இந்தப் படம் போட்ட பனியனோடுதான் வருவது என்று முடிவாயிற்று. "ஒரு கோடு மாறினாலும் உன் கையை ஒடைச்சிருவேன்" என்று டில்லி என்னை மிரட்டினான். வரைந்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. கோடு மாறாமல்தான் வரைந்தேன். அண்ணனுடையதில் மட்டும், லுங்கிக்குள் செருகிக்கொள்கிற கீழ் ஓரத்தில், யாருக்கும் தெரியாதபடி விரல் நீளத்தில் ஒரு துடுப்பு போட்டேன். அது எனக்கும், அந்தப் பனியனைத் துவைக்கிற அம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

திருவிழாவுக்குப் பிறகு அந்தப் பனியன்களை அவர்கள் கழற்றவேயில்லை. தொழிலுக்கும் அதையே போட்டுக்கொண்டு போனார்கள். ஐப்பசியில் ஒரு காலை, கடலிலிருந்து ஏரிக்குள் திரும்பும்போது முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. அன்று ஐவரில் ஒருவன் போகவில்லை; படகில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேர் நீந்திக் கரைக்கு வந்தார்கள். அண்ணனும் டில்லியும் வரவில்லை.

நான்கு நாள் தேடினார்கள். அம்மா அந்த நான்கு நாளும் சோற்றைத் தொடவில்லை. கரையிலிருந்து வீட்டுக்கும் வரவில்லை. டில்லியின் மனைவி செல்வி, ஏழு மாத வயிற்றோடு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் விடிந்ததும் வடக்கே ஒரு உடல் ஒதுங்கியிருப்பதாக ஆள் வந்து சொன்னான். அதை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தை நண்டும் மீனும் தின்றிருந்தன. உடம்பு ஊதியிருந்தது. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே வாகு, இடுப்பில் ஒரே மாதிரி கறுப்புக் கயிறு. பனியன் மட்டும் கிழியாமல் இருந்தது. பெயின்ட் அடித்த இடத்தை உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை.

பெண்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கிராமத்துப் பெரியவர் ஆறுமுகம் என்னைக் கூப்பிட்டார். "டேய், அஞ்சையும் வரைஞ்சது நீதான. உன் கைவேலை உனக்குத் தெரியாதா? இது உங்கண்ணன்தா, டில்லிதா? பாத்து சொல்லுடா கண்ணு, பொம்பளைங்க காத்துகினு கீறாங்க."

நான் உட்கார்ந்து பனியனின் ஓரத்தை விரித்துப் பார்த்தேன். துடுப்பு இல்லை.

எங்கள் குப்பத்தில் உடல் கிடைத்துவிட்டால் அன்றைக்கே மனைவியின் தாலியை இறக்கிவிடுவார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிறதே என்று யாரும் ஒரு நாள் தள்ளிப்போட மாட்டார்கள். நான் திரும்பியபோது செல்வி என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவோ உடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறவள் மாதிரி. இது டில்லி என்றால் அண்ணன் எங்கேயாவது உயிரோடு இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் "எங்க அண்ணன்து" என்று சொன்னேன்.

அம்மாவை உடலுக்குப் பக்கத்தில் விட்டார்கள். அவள் வந்து உட்கார்ந்து, நான் பார்த்த அதே ஓரத்தை விரலால் பிரித்துப் பார்த்தாள். இப்போது மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன். அவள் துணியைக் கீழே இழுத்துச் சரிசெய்துவிட்டு, "எம் மவனே தேசப்பா" என்று அலறினாள். போலீசுக்குச் சொன்னால் அறுக்கக் கொண்டுபோவார்கள் என்பதால், வெயில் ஏறுவதற்கு முன்பே சவுக்குத் தோப்புக்குக் கிழக்கே இருந்த இடுகாட்டில் புதைத்தார்கள். மண் தள்ளியது நான்.

இன்னொரு உடல் வரவேயில்லை. செல்விக்கு ஆண் குழந்தை பிறந்தது. எங்களில் அறுத்துக் கட்டுகிற மறுமண வழக்கம் உண்டு; அடுத்த வருடமே பக்கத்துக் குப்பத்திலிருந்து மனைவியை இழந்த ஒரு நல்ல மனிதர், சொந்தப் படகுக்காரர், அவளைக் கேட்டு வந்தார். அவள் திண்ணமாக மறுத்துவிட்டாள். "ரெண்டு பேரும் ஒண்ணாதான் வியுந்தாங்க. அவங்க புள்ள கெடைச்சிட்டான், எம் புருஷன் கெடைக்கல. அப்ப அவரு உசுரோட கீறாருனுதான அர்த்தம்? ஏதாச்சும் கப்பல்காரன் தூக்கினு போயிருப்பான்." இதை அவள் குப்பத்தில் எல்லாரிடமும் சொன்னாள். என்னிடம் சொல்லும்போது, "இன்னா தம்பி, நான் சொல்றது சரிதான?" என்று கேட்பாள். குறி சொல்கிறவன் ஒருவன் தீவு ஒன்றில் ஆள் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். விசாகப்பட்டினத்தில் டில்லி ஜாடையில் ஒருவனைப் பார்த்ததாக யாரோ சொல்ல, கைக்குழந்தையோடு அங்கே போய்ப் பதினைந்து நாள் துறைமுகத்தில் அலைந்துவிட்டு வந்தாள். அவள் திரும்பி வந்து இறங்கிய அன்று நான் மீஞ்சூர் வரைக்கும் நடந்துபோய் ரயில் ஏறினேன். சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு லாரியில் கிளீனராக இருந்தேன், விஜயவாடாவில் போர்டு எழுதினேன், கோவாவில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். அங்கே கடற்கரைக் கடை ஒன்றில் அந்தப் படத்தை அச்சடித்த பனியன்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தேன். நான்கு பேர், படகு, தலைமுடிக் கடல், எல்லாம் கோடு மாறாமல் இருந்தது. உலகம் முழுக்க விற்கிறதாம். அவர்களுடைய பாட்டையும் அந்தக் கடையில்தான் முதன்முதலாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. முடிகிறவரை நிற்க முடியவில்லை. கோவாவில் இருந்தபோதுதான் அம்மா இறந்த செய்தி, ஒரு மாதம் கழித்து வந்தது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், செல்வியிடம் சொல்லிவிடுவது என்றே ஊருக்கு வந்தேன். குப்பத்தில் எல்லாம் பைபர் படகாக இருந்தது. செல்வி மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீனைத் திருப்பிப் போடுவதை நிறுத்தவில்லை.

"அப்ப உங்கண்ணன்னு பொதைச்சது அவரா?"

"ஆமா அண்ணி."

"அந்த எடத்தைக் கடல் எடுத்துகினு ஏழு வருஷம் ஆச்சே, தம்பி." அடுத்த வரிசை மீனுக்கு நகர்ந்தாள். பிறகு சொன்னாள்: "வருஷா வருஷம் உங்கம்மா படையல் வைக்கப் போவாங்க. அவங்களுக்கு முட்டி வலி, நான்தான் தண்ணிக் கொடம் தூக்கினு கூடப் போவேன். உனுக்காச்சும் அயுவுறதுக்கு ஒரு எடம் கீதே ஆயானு சொல்லுவேன். அவங்க வாயே தொறக்க மாட்டாங்க. பூவை எங் கையில குடுத்து, நீயே போடுடீம்பாங்க. இத்தினி வருஷமும் நான்தான் போட்டேன்."

அன்று கரையில் பனியன் ஓரத்தைப் பிரித்துப் பார்த்த அம்மாவின் விரல் எனக்கு நினைவுக்கு வந்தது.

செல்வி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஞாயித்துக்கியம பேரனுக்குக் காது குத்துறோம். ஆரத்தி நான்தான் எடுக்கணும். அதுவரிக்கும் யாராண்டயும் சொல்லாத." ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு முன்னால் நின்று ஆரத்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வருடம் அவள் இறந்துபோனாள். பழைய இடுகாடு இருந்த இடத்தில் இன்று கொட்டிய பாறையும் அலையும்தான் இருக்கின்றன. சவுக்குத் தோப்பும் இல்லை. சாலைக்கு மேற்கே புது இடத்தில்தான் அவளைப் புதைத்தார்கள். மஞ்சள் பூசி, பூ வைத்து, புருஷன் இருக்கிறவளை எடுத்துப்போகிற மாதிரி எடுத்துப்போனார்கள். "தாலியைக் கயட்டாதீங்க, அப்பா வந்தா கேப்பாரு" என்று அவளுடைய மகன் சொன்னான். நாற்பது வயதுக்காரன். நான் பாடையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.