கண்டியில் கிட்டார் கேட்கப் போன கதை

கண்டிக் கச்சேரியில் நான் எழுந்து ஆடியதாகக் எங்கள் ஊர் கடுகண்ணாவையில் பேசிக்கொள்கிறார்கள். எழுந்தது உண்மை. ஆடவில்லை. கச்சேரிக்குப் போக நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று நடந்ததை இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

கிட்டார்காரர் சேவியர் எங்கள் ஊர்க்காரர், பல ஆண்டுகள் கல்யாண வீடுகளில் வாசித்தவர். பிறகு கிளாக்கர் வேலையை விட்டுவிட்டு, கொழும்பில் ஓர் ஆசிரியரிடம் முறையாகப் படித்தார். இப்போது வயலின், செல்லோ வாசிக்கும் இருவரோடு சேர்ந்து சிறு மண்டபங்களில் வாசிக்கிறார். ஆனால், சனம் இந்தத் தடவையும் அமைதியாகக் கேட்காவிட்டால் சேவியரின் இடத்தில் பியானோ வைக்கப்போவதாக வயலின்காரர், அவர்தான் குழுத் தலைவர், சொல்லிவிட்டாராம். சேவியரின் மனைவி இதைச் சொன்ன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

சனிக்கிழமை இரண்டரை மணி ரயிலில் ஏறினேன். கண்டி பத்து மைல்தான். ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரை மண்டபத்துக்கு ரிக்‌ஷா இருபத்தைந்து சதம்.

"கிட்டாருக்கா போறீங்கம்மா? அப்ப இன்னைக்கு ஆட்டந்தான்!" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"ஆட்டமில்ல, கச்சேரி. ரோட்டப் பாத்து இழுங்க."

முதல் உருப்படி முடியுமுன்னே பின்வரிசையில் கைதட்டித் தாளம் போடத் தொடங்கிவிட்டார்கள். "ஐயா, ஒரு கபரிஞ்ஞா போடுங்க!" என்று கல்யாண வீட்டு ஆட்டப்பாட்டைக் கேட்டது ஒரு குரல். கிட்டாரைக் கண்டால் நம்மவர்களுக்குக் கல்யாணப் பந்தல்தான் ஞாபகம் வரும். தலைவரின் முகம் இறுகியது. அப்போதுதான் நான் எழுந்து திரும்பினேன்.

"தம்பிமாரே, இங்க பொண்ணுமில்ல, மாப்பிள்ளையுமில்ல, பந்தியும் கிடையாது. உக்காருங்க."

சிரிப்பு அடங்கியதும் அமைதி வந்தது. அடுத்தது மெதுவான பகுதி. வேறொருவராயிருந்தால் தன்னைக் கேட்கவைக்க ஓங்கி மீட்டியிருப்பார். சேவியர் இன்னும் தாழ்த்தினார். வயலினும் செல்லோவும் அவருக்காக இறங்கிவர வேண்டியதாயிற்று. செல்லோ மூச்சுவிடும் இடத்தில் இரண்டே சுரங்கள் வைத்தார். அதற்குமேல் ஒன்று வைத்திருந்தாலும் கெட்டிருக்கும். கடைசி உருப்படி வரை யாரும் உட்கார்ந்த கதிரையை அசைக்கவில்லை.

வாசலில் தலைவரிடம் முடிவைக் கேட்டேன். "நல்லாத்தான் வாசிச்சார், அம்மா. பார்ப்போம்," என்றார்.

போகிறவர்கள் சால்வை கொண்டுபோங்கள். மழை வந்தால் மண்டபம் குளிரும். முன்வரிசையில் உட்காருங்கள், கிட்டார் பின்னால் எட்டாது.

தலைவர் அவர்களுக்கு: நீங்கள் இந்தப் பத்திரிகை வாசிப்பவர் என்று அறிவேன். அடுத்த கச்சேரியில் திரு. சேவியர் வாசிப்பாரா, மாட்டாரா? ஆள் மூலம் சொல்லியனுப்ப வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.