அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த இளைஞர்

என் கணவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்த பிறகு வயது குறைய ஆரம்பித்தது. அதுவரை எல்லோரையும் போலத்தான் இருந்தார். தொப்பை இருந்தது, காதோரம் நரை இருந்தது, மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு குட்டித் தூக்கம் இருந்தது. வேளாண்மைத் துறையில் வேலை. கதிரைக் கையில் வாங்கி ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இன்ன ரகம், இதற்கு வயது இவ்வளவு, அறுப்புக்கு இன்னும் இத்தனை நாள் என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்தில் நெல்லுக்கும் வயது உண்டு. நெல் அதை மறைப்பதில்லை.

கெடுத்தது ஒரு விவசாயி. யூரியா விஷயமாக அலுவலகத்துக்கு வந்தவர், இவரைப் பார்த்து, "பெரியவரே, ஆபீசர் இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டாராம். ஆபீசரே இவர்தான். அன்று சாயங்காலம் தஞ்சாவூர் வீட்டுக்கு வந்தவர் காப்பியைத் தொடவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்றார். அன்றைக்குப் போய் நின்றவர்தான். இன்னும் அங்கிருந்து முழுசாக இறங்கி வந்த பாடில்லை.

மறுநாள் தலை கறுத்தது. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. பிறந்ததிலிருந்து அவர் தலையில் அந்தக் கறுப்பு இருந்ததே இல்லை. சாயம் போட்ட பிறகும் வேரில் வெள்ளை எட்டிப் பார்க்குமல்லவா, அதற்குத் தடவிக்கொள்ள ஒரு கறுப்புக் குச்சி. பெண்பிள்ளைகள் உதட்டுக்குத் தடவிக்கொள்வார்களே, அந்த மாதிரி. அதைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விடிந்ததும் வெந்தயத் தண்ணீர். அதற்கு மேல் தோலுரித்த பாதாம். அதற்கு மேல் பீட்ரூட்டும் கேரட்டும் அடித்த ஒரு டம்ளர் சிவப்புத் தண்ணீர். மிக்ஸி கழுவியது நான். தொட்டியில் மருந்துக்கென்று நான் வளர்த்த கற்றாழை ஒரு மாதத்தில் மொட்டையானது. அவ்வளவும் அவர் முகத்துக்குப் போயிற்று.

முகத்துக்குத் தேகப்பயிற்சி உண்டென்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாமல் இருந்தது, நிம்மதியாக இருந்தேன். கன்னத்தை ஊதுவார், நாக்கை முகவாய் வரை நீட்டுவார், புருவத்தை மேலே ஏற்றி அப்படியே நிறுத்திவைப்பார். எல்லாம் ஒரு வீடியோவில் சொன்னபடி. பால் கொண்டுவரும் பெண் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சாருக்கு ஒடம்பு எதும் முடியலையாக்கா?" என்று பதறினாள். முடியவில்லைதான் என்றேன்.

கண்ணுக்கும் ஒரு வைத்தியம் கிடைத்தது. உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துக் கண்மேல் ஒத்திக்கொண்டால் கண்ணாடியே வேண்டாமாம். கழற்றி பீரோவில் வைத்தார். பார்வை தெளிந்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் கரண்டு பில் வந்தால் என்னிடம் நீட்டுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால், "முகூர்த்தம் எத்தனை மணிக்குப் போட்டுருக்குன்னு பாரு, நான் கை கழுவிட்டு வர்றேன்" என்பார். அந்த இரண்டு வருஷத்தில் அவர் கை கழுவிய அளவுக்கு எந்த டாக்டரும் கழுவியிருக்க மாட்டார்.

காலையில் மைதானத்துக்குப் போவார். அங்கே இவரைப் போலவே இளைஞர்களாகிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர். பின்பக்கமாக நடந்தால் மூட்டுக்கு நல்லது, இளமை திரும்பும் என்று யாரோ சொல்லிவைக்க, அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். முதுகோடு முதுகு மோதி, "சாரி சார்", "பரவால்ல சார்". கூட வாயேன் என்று ஒரு நாள் என்னையும் அழைத்துப் போனார். சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து வீட்டிலேயே இருந்துகொண்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சோற்றை விட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு மானம் போயிற்று. அரிசிதான் ஆளைக் கிழவனாக்குகிறதாம். சுற்றிலும் நடவு வயல், வீட்டில் மூட்டையாகச் சொந்த நிலத்து அரிசி, இவர் ஓட்ஸைக் கரைத்துக் குடித்தார். திருவிடைமருதூரில் ஒரு கல்யாணப் பந்தியில், பரிமாற வந்தவரை இலைக்கு மேல் கையால் மறித்து, "ரைஸ் வேண்டாம்" என்றார். பெண்ணின் தகப்பனார் ஓடி வந்துவிட்டார். "என்னங்க குறை, சொல்லுங்க" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார் அந்த மனிதர். குறை எதுவுமில்லை, இவர் பொரியலை மட்டும் சாப்பிட்டு இளைஞராகப் போகிறார் என்று நான் எப்படிச் சொல்வது? பிறகு ஒரு கடைக்காரர் மாப்பிள்ளைச் சம்பாவைச் சாப்பிட்டால் வாலிபம் திரும்பும் என்றார். அரிசி மறுபடி வீட்டுக்குள் வந்தது, நாலு மடங்கு விலையில்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். சிரிக்க முடியாத ஒன்று உண்டு. அவர் இளைத்து, தலை கறுத்து, பளபளத்துக்கொண்டு வர, பக்கத்தில் நின்ற நான் கிழவியாகிக்கொண்டு வந்தேன். நான் அவரைவிட நாலு வயது சின்னவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பதிலேயே எனக்கு நரைத்துவிட்டது, விட்டுவிட்டேன். ஒரு பிள்ளையும் அதனால் கணக்கில் குறைந்ததில்லை. ஆனால் இப்போது மாயவரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர், "தம்பி, அம்மாவ உக்கார வைங்க, நீங்க கொஞ்சம் நின்னுக்குங்க" என்கிறார். கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக்காரர், "சார், அக்காவுக்கு இந்த அடக்கமான கலர் நல்லாருக்கும்" என்று விபூதி நிறத்தில் ஒரு புடவையை விரிக்கிறார்.

திருத்த வேண்டியவர் திருத்தவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. சும்மா ஒரு புன்னகை. பஸ்ஸை விட்டு இறங்கியதும், "சொன்னாதான் என்னங்க, சம்சாரம்னு?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போறவன்கிட்ட எதுக்கு விளக்கம்? நீயும் கொஞ்சம் சாயம் அடிச்சுக்கோயேன், யாரும் கேக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முகம் கழுவினேன். கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். கழுவக் கழுவக் கண்ணிலிருந்து வந்தது. சாயம் அடித்துக்கொள்ளக்கூடாது என்று எனக்கு விரதமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் யாரென்று சொல்ல ஒரு மனிதருக்கு என் தலைமுடியின் உதவி வேண்டுமென்றால், அந்த உதவியைச் செய்ய எனக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

அப்போதுதான் அறுபது வந்தது. எங்கள் பக்கத்தில் அறுபது முடிந்தால் திருக்கடையூர் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்வது வழக்கம். ஹோமம் வளர்த்து, கலச நீரைத் தம்பதியின் தலையில் ஊற்றி, மறுபடி ஒரு தாலி கட்டச் சொல்வார்கள். எனக்குத் தாலி இன்னொன்று வேண்டியிருக்கவில்லை. நாலு பேர் பார்க்க அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அம்மாவா அக்காவா என்று ஒருவரும் கேட்க முடியாத ஒரு இடத்தில் உட்கார வேண்டும். அதற்கு அந்த மணையைத் தவிர வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

அவர் மாட்டேன் என்றார். "அறுபதுன்னு ஊருக்கே தண்டோரா போடணுமா? எழுபதுல ஒண்ணு பண்றாங்கல்ல, அப்ப பாத்துக்கலாம்."

"இந்த வேகத்துல போனா எழுபதுல உங்களுக்கு முப்பது வயசுதாங்க இருக்கும். அப்ப உங்களுக்குப் பொண்ணு பாக்கத்தான் நான் போகணும்."

சென்னையிலிருக்கும் எங்கள் மகள்தான் முடித்துவைத்தாள். "அம்மா இதுவரைக்கும் உங்ககிட்ட எதாச்சும் கேட்டிருக்காங்களாப்பா?" என்று போனில் ஒரு கேள்வி. அவர் இறங்கி வந்தார், நிபந்தனைகளோடு. பத்திரிகை கூடாது, தெருமுனையில் படம் போட்ட பேனர் கூடாது, உறவுக்காரர்கள் கூடாது. மகள் மட்டும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அது அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் மூன்று பேர் இப்படிக் கழிந்தார்கள்.

திருக்கடையூரில் அன்று நல்ல கூட்டம். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு ஹோமம், ஒவ்வொரு ஹோமத்துக்கும் ஒரு கிழத் தம்பதி. பல்லில்லாத மாப்பிள்ளைகள், முட்டி மடங்காமல் நாற்காலியில் உட்கார்ந்த மணப்பெண்கள். யாருக்கும் வெட்கமில்லை. எங்கள் இளைஞரோ விடுதி அறையில் குச்சியால் காதோரம் தடவி, மீசைக்கும் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு, பட்டு வேட்டியில் மகள் பக்கத்தில் போய் நின்றார். பீரோவிலிருந்து நான் எடுத்து வந்திருந்த மூக்குக்கண்ணாடியை வேண்டுமென்றே அறையில் விட்டுவிட்டு வந்தார். படம் எடுப்பார்களாம்.

நான் மணையில் உட்கார்ந்தேன். எங்களுக்கு ஹோமம் செய்ய வந்த குருக்கள் விடிந்ததிலிருந்து புகையில் இருந்தவர், கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். அவசரமாகச் சொன்னார்:

"தம்பி, அம்மா வந்து உக்காந்தாச்சு. அப்பாவைக் கூப்பிடுங்கோ, நாழியாறது."

நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். எங்கள் மகள் பிறந்தபோது அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். நிலம் எங்கள் பெயருக்குப் பத்திரமானபோது பார்த்திருக்கிறேன். இப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷ வெந்தயத்துக்கும் பாதாமுக்கும் கற்றாழைக்கும் பலன், கோயிலில் வைத்து, குருக்கள் வாயாலேயே கிடைத்துவிட்டது. இங்கேயும் அவர் திருத்தவில்லை. அந்தச் சந்தோஷத்தை இன்னும் கொஞ்சம் வாயில் வைத்துக்கொண்டிருந்தார், மிட்டாய் மாதிரி.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே காலை ஊன்றினேன். தஞ்சாவூருக்கு பஸ் இருக்கிறது, கையில் பை இருக்கிறது. மகள்தான் முந்திக்கொண்டாள். "ஐயரே, இவருதாங்க மாப்பிள்ளை. அறுபது இவருக்குத்தான்" என்று, மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள். மாப்பிள்ளையின் முகம் சுருங்கிற்று. வந்து உட்கார்ந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

கலச நீரை ஊற்றினார்கள். குடம் குடமாக, இரக்கமே இல்லாமல். குச்சியின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அப்போதும் பார்க்கவில்லை. ஈரம் மாற்றிப் புதுத்துணி உடுத்தி வந்து மறுபடி உட்கார்ந்தோம். தாலிக் கயிறு அவர் கைக்கு வந்தது. கெட்டிமேளம் என்றார்கள். மேளம் கொட்டியது, அட்சதை விழுந்தது. முடிச்சு விழவில்லை.

என் பிடரியில் அவர் விரல்கள் தடவிக்கொண்டிருந்தன. கயிற்றின் நுனி பழைய சங்கிலியில் மாட்டியது, வழுக்கியது, மறுபடி மாட்டியது. கையைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கலாமென்றால் என் கழுத்தை எங்கே தள்ளி வைப்பது? நாயனக்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டே இருந்தார், மூச்சு முட்டி இவரை முறைத்தார். "முடிச்சைப் போடுங்கோ, முடிச்சைப் போடுங்கோ" என்று குருக்கள் பறந்தார். அப்போது என் காதுக்குப் பின்னால், யாருக்கும் கேட்காத குரலில், என் கணவர் சொன்னார்.

"கண்ணு தெரியலடி."

இரண்டு வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் வயதான வார்த்தை அது. எனக்கு அப்படியே உருகிவிட்டது என்று எழுத ஆசைதான், இல்லை. படட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த விரல்கள் மறுபடியும் சங்கிலியில் போய் மாட்டிக்கொண்டன. நான் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, திரும்பாமல், தோளுக்கு மேலாக நீட்டினேன். பூப்போட்ட ஊதா நிறச் சட்டம், பெண்கள் மாட்டுவது. மகள் மூச்சை இழுத்துச் சிரிப்பை அடக்கினாள். மாட்டிக்கொண்டார். மூன்று முடிச்சும் விழுந்தது.

கண்ணாடி இல்லாமல் எனக்குக் கிட்டத்திலும் எட்டத்திலும் எல்லாம் புகைதான். அத்தனை ஆசைப்பட்ட கல்யாணத்தில் என்னை யார் பார்த்தார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. அட்சதை போட்டவர்கள் யார், படம் எடுத்தவர் எங்கே நின்றார், ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கறுப்புத் தலை தெரிந்தது, அதற்குக் கீழே வெள்ளை வேட்டி, அதில் ஏதோ கோடுகள்.

அடுத்த தூணில் அப்போதுதான் வந்து முறைக்குக் காத்திருந்த யாரோ ஒரு அம்மாள், குரலைப் பார்த்தால் என்னைவிட மூத்தவள், என் பக்கம் சாய்ந்தாள். "ஏங்க, உங்க வீட்டுக்காரருக்குத் தலையத் தொவட்டி விடுங்க. சாயம் கழுத்தோட எறங்குது பாருங்க" என்றாள்.

அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

முந்தானையைக் கையில் எடுத்தேன். எடுத்து வைத்துக்கொண்டு, காது கேளாதவள் மாதிரி அவள் பக்கம் தலையைச் சாய்த்து, "யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரருக்குத்தாங்க" என்றாள் அவள், இன்னும் கொஞ்சம் உரக்க.