வெள்ளைக் குதிரை வராத இரண்டாம் பாகம்

இன்று வவுனியாவில் அந்த வாள்வீரன் படத்தின் இரண்டாம் பாகம் பார்த்தேன். சரியாகச் சொன்னால், பாதி பார்த்தேன்.

(ஒட்டுசுட்டானிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனவன் பாதியில் எழும்பி வந்தால் காரணம் இருக்கும்தானே.)

இந்தக் கதை நாவலாக எங்கள் கைக்கு வந்தது போருக்குள், பொருளாதாரத் தடைக் காலத்தில். ஊருக்கே ஒரு பிரதி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசிக்கலாம் என்று நடுவில் பிரித்துத் தைத்திருந்தோம். முதல் பாதி என்னிடம். இரண்டாம் பாதி என் வகுப்புத் தோழன் யோகனிடம்.

என் பாதியை முடித்துவிட்டுக் கேட்டேன். அவன் தரவில்லை. பதிலுக்கு, பின்னேரங்களில் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் குந்தியிருந்து வாயால் சொன்னான். வீரன் வெள்ளைக் குதிரையில் ஆற்றங்கரைக்கு வந்து நின்ற கட்டத்தில் கதை நிற்க, நாங்கள் இடம்பெயர்ந்தோம். அவன் ஒரு திசை, நான் ஒரு திசை.

புத்தகத்தைப் பதுக்கியவனோடு அதன்பிறகு நான் கதைத்ததில்லை. ஊர் திரும்பிய பிறகும், சந்தையில் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். (எனக்கு மறதி குறைவு. மன்னிப்பு அதைவிடக் குறைவு.)

ஆனால் அந்தக் குதிரை என்னை விடவில்லை. கண்ணை மூடினால் பனிக்குள் நிற்கும். தண்ணீரின் வெளிச்சம் அதன் வயிற்றில் அசையும்.

வீரன் அக்கரை சேர்ந்தானா என்று தெரியாமல் சாகக்கூடாது என்றுதான் இன்று போனேன்.

இடைவேளை வரை குதிரை வரவேயில்லை. ஆறும் இல்லை. கதையே வேறு.

வெளியே தேநீர் விற்கும் இடத்தில், தலை நரைத்து, யோகன் நின்றான். விலகிப் போக வழியில்லை.

“நீர் சொன்ன கதை இது இல்லையே,” என்றேன்.

அவன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்: “மச்சான், அந்த மாரிக்கு விறகெல்லாம் ஈரம். அம்மா அந்தப் பாதியைக் கிழிச்சு அடுப்பு மூட்டிப்போட்டா. நான் ஒரு பக்கமும் வாசிக்கேல்லை. உன்னட்டைச் சொல்லப் பயம். அதான் நானாக் கட்டிச் சொன்னனான்.”

“குதிரையும்?”

“ஓம். குதிரையும்.”

கோபம் வந்தது. கூடவே, எழுதியவருக்கே தெரியாத ஒரு கதையில் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறேன் என்றும் தோன்றியது.

மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். கதவுக்கு அப்பால் வாள்கள் மோதிக்கொண்டன. நான் போகவில்லை.

“பிறகு? ஆத்தங்கரையில வந்து நிண்டவன் என்ன செய்தவன்? சொல்லு.”

யோகன் கோப்பையை வைத்துவிட்டு வெயிலைப் பார்த்தான்.

“தண்ணிக்கை இறங்கினவன்,” என்று தொடங்கினான்.

(மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.)

படம் பார்த்தவர்கள் தயவுசெய்து முடிவைக் கமெண்டில் போடாதீர்கள். எங்களுடையவன் இன்னும் நடு ஆற்றில் நிற்கிறான்.