சம்பந்தி வந்த நாளில் பழுத்த தக்காளி

மலைமேல் இருக்கும் எங்கள் சாரி-பெல் ஊரில் ஜூன் மாதத்திலும் பனி விழும், ஆகஸ்டிலும் விழும். இடையில் கிடைப்பதைக் கோடை என்று சொல்லிக்கொள்கிறோம். உருளைக்கிழங்கு வரும். வாற்கோதுமை அதன் மனம்போல் வரும். பச்சையாக வேறு எதையாவது தின்ன வேண்டுமென்றால் அது ஓஷ் நகரத்துச் சந்தையிலிருந்து மலைக்கணவாய் ஏறி என் கடைக்கு வந்து சேரவேண்டும். வரும்போதே பாதி அழுகியிருக்கும். அதையும் வாங்கிப் போவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் தோட்டச் சங்கம் ஆரம்பித்தவள் புருல். பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது அவள் வேலை. கணவன் செத்தபின் அவன் மண்வெட்டியோடு சேர்த்து அந்த வேலையும் அவள் கைக்கு வந்தது. வாய் ஓயாதவள். கரி அள்ளும்போதுகூடக் கரியைத் திட்டிக்கொண்டேதான் அள்ளுவாள்.

குளிர்காலத்தில் அந்தக் கொதிகலன் அறைதான் ஊரிலேயே சூடான இடம். பெண்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே வந்து உட்காருவோம். புருல் சன்னல் மேடையில் பழைய டப்பாக்களில் வெங்காயம் முளைக்கப் போட்டிருந்தாள். ஒருநாள் அந்தப் பச்சைத் தாளைக் கிள்ளி ஆளுக்கொரு துண்டு ரொட்டிமேல் வைத்துக் கொடுத்தாள். வெளியே பனிக்காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. துணுக்குக்கூட விடாமல் தின்றோம்.

"சும்மா உக்காந்து ஊர்வம்பு பேசுறதுக்குப் பதிலா, ஒரு குழி வெட்டி எதையாவது வளப்போம்டி" என்றாள் புருல்.

வசந்தத்தில் வெட்டினோம். கொதிகலன் அறைச் சுவரை ஒட்டி, இடுப்பளவு ஆழம். பள்ளிக்கூடத்தில் கழற்றிப் போட்ட பழைய கண்ணாடிச் சன்னல்களை மேலே கூரையாகச் சாய்த்தோம். அடியில் சாணம். ஆண்கள் வேலிமேல் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். புருலின் கொழுந்தன் சொன்னான்: "அண்ணி, புல்லை ஆடு தின்னுது, ஆட்டை நாம தின்னுறோம். நடுவுல ஆடு எதுக்கு, நேரா புல்லையே தின்னுடலாம்னு பாக்குறீங்களா?"

"உன்னை மாதிரி ஆட்டுக்கெல்லாம் ஊட்டத்தான்டா இது" என்றாள் அவள்.

முதல் வருஷம் முள்ளங்கி வந்தது, தக்காளி காயோடு கறுத்தது. இரண்டாம் வருஷமும் அப்படியே. என் கடையில் விற்ற விதைப் பொட்டலங்களின் மேல் மட்டும் பழங்கள் சிவப்பாக இருந்தன. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள், நான்தான் படம் வரைந்ததுபோல். சங்கத்தில் ஆள் குறைந்தது. மூன்றாம் வருஷம் நாற்று நட்ட கையோடு மாடு மேய்க்கும் சாதாத்தும் கிளம்பிவிட்டாள். "இந்தத் தடவையும் பழுக்கலைன்னா என்னைக் கூப்பிடாதீங்க. என் மாடாவது வருஷம் தவறாம பால் குடுக்குது" என்று சொல்லிவிட்டு மேய்ச்சல் மலைக்கு ஏறிப் போனாள்.

அந்த வருஷம் ஒரு செடி பழுத்தது. எந்தப் பொட்டலத்து விதை, யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆகஸ்டுப் பனியில் மற்றச் செடிகள் கூழாகிப் போக, இது மட்டும் மூன்று பழங்களைப் பிடித்துக்கொண்டு நின்றது. புருல் அதன் தண்டில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினாள்.

"இதை யாரும் தொடக்கூடாது. இதுதான் விதைக்கு. இதுவும் போச்சுன்னா சங்கமும் போச்சு, குழியை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றாள். அது உண்மைதான்.

அடுத்த சில நாளில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். புருலின் மகள் கனிஷாய்க்குக் கம்மல் போட்டு நிச்சயம் செய்ய அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வண்டி கிடைத்ததாம், இந்த வாரமே வந்துவிட்டார்கள். புருல் கொதிகலன் குழாய்க்குள் தலையை விட்டுக் கரி சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் குளித்து வருவதற்குள் சங்கத்துப் பெண்கள் அவள் வீட்டில் விருந்து விரிப்பைப் பரப்பிவிட்டோம். ரொட்டி, பாலாடை, பொரித்த மாவு உருண்டை, இறைச்சி. அன்றுதான் மலையிலிருந்து இறங்கிய சாதாத்தும் ஓடி ஓடி வேலை செய்தாள்.

புருல் ஈரத்தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மாப்பிள்ளையின் தாய் அனார்கானுக்கு முன்னால், நடுத் தட்டில், பூப்போல அரிந்து அடுக்கிய தக்காளி இருந்தது. மூன்று பழமும்.

நான் சாதாத்தைப் பார்த்தேன். அவள் பெருமையோடு என் காதில் சொன்னாள்: "நூல் கட்டி வச்சிருந்துது. சம்பந்திக்குன்னுதானே எடுத்து வச்சிருப்பா!"

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீடுகளில் நல்லது எதையாவது தொடாமல் ஒதுக்கி வைத்தால் அது விருந்தாளிக்குத்தான். வேறு எதற்கு ஒதுக்குவார்கள்? விரிப்பில் வைத்துவிட்டால் அது அவர்கள் சொத்து. மிஞ்சியதையும் பையில் கட்டி அவர்களோடுதான் அனுப்ப வேண்டும். பெண் கேட்டு வந்தவர்களிடம் போய், அதைத் தின்னாதீர்கள் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

புருல் உட்கார்ந்தாள். அனார்கான் ஒரு துண்டை எடுத்து அவளிடமே நீட்டினாள். "முதல்ல நீங்க எடுத்துக்குங்க சம்பந்தியம்மா."

புருல் அதை வாயில் போட்டாள். சதையை விழுங்கினாள், விதையை விழுங்கவில்லை. கன்னம் லேசாக உப்பியிருந்ததை நான் பார்த்தேன். மீதித் துண்டுகளை மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் எடுத்து வோட்காவோடு தீர்த்தார்கள்.

கொழுந்தன் ஆடு விலை பேசினான், கணவாயில் மண் சரிந்ததைப் பேசினான். புருல் பேசவில்லை. தேநீர் வந்தது, குடிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். அவளைத் தெரிந்த நாங்கள் சிரிப்பை அடக்க ரொட்டியைக் கடித்துக்கொண்டோம். வந்தவர்களுக்கு அவளைத் தெரியாது. அவர்கள் முகம் மெல்ல இறுகியது.

அனார்கான் பையிலிருந்து கம்மலை எடுத்து மடியில் வைத்தாள். "சம்பந்தியம்மா, உங்க பொண்ணை எங்களுக்குக் குடுக்கிறீங்களா?"

புருல் தலையை ஆட்டினாள்.

"இதை வாயால சொல்லணும். மனசில்லைன்னா அதையும் சொல்லிடுங்க. நாங்க வந்த வழியே போயிடுறோம்."

கனிஷாய் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஓஷில் தங்கியிருந்த இரண்டு வருஷமும் அந்தப் பையனையே நினைத்துக்கொண்டிருந்தவள். புருல் அந்தத் திரையை ஒருமுறை பார்த்தாள். விழுங்கிவிட்டால் பேசலாம். தொண்டை அசைவதற்காகக் காத்திருந்தேன்.

அவள் விழுங்கவில்லை. எல்லோர் முன்னாலும் உள்ளங்கையில் துப்பினாள்.

"குடுத்தேன்! சந்தோஷமாக் குடுத்தேன்!" என்றாள். பிறகு கையை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே குழி, சன்னல், மூன்று வருஷம், சிவப்பு நூல் எல்லாம் வந்தது. அடைத்து வைத்த பேச்சு மொத்தமும் வந்தது. கொழுந்தன் அவமானத்தில் மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

அனார்கான் தன் கிண்ணத்துத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அதைக் கவிழ்த்துத் துடைத்து நீட்டினாள்.

"இதுல போடுங்க, தொலைச்சிடாதீங்க" என்றாள். "எங்க ஊர்லயும் தக்காளி பழுக்காது. என் மருமக வரும்போது பாதி கொண்டுவரணும். இல்லைன்னா கம்மலைத் திருப்பி வாங்கிக்குவேன்."

அக்டோபரில் கல்யாணம் நடந்தது. காகிதத்தில் காயவைத்த விதைகளைப் புருல் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கனிஷாயின் மேலங்கி மடிப்பில் வைத்துத் தைத்தாள். மகள் போகும்போது அவள் அழவில்லை. புருலுக்குப் பெண்ணைவிடத் தக்காளிதான் பெரிது, அதற்காக அன்றைக்கே அழுது தீர்த்துவிட்டாள் என்று ஊரில் சொன்னார்கள். நானும் கடையில் வைத்துச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மார்ச் மாதம் கொதிகலன் அறைக்குப் போனேன். சாதாத் உட்பட எல்லோரும் வந்திருந்தார்கள். சன்னல் மேடையில் விதைத்த டப்பாக்களில் ஒன்றில் மண் பிளந்து, ஒரு முளை தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்திருந்தது. சாதாத் கத்தினாள், எல்லோரும் கூடினார்கள். புருல் மட்டும் கரி மண்வெட்டியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அங்கயும் இந்நேரம் முளைச்சிருக்கும்" என்றாள். "கனிஷாய் எழுந்ததும் முதல்ல போய் அதைத்தான் பார்ப்பா."

அதற்குமேல் அவள் எதுவும் பேசவில்லை. வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பேசவில்லை.